நூற்றுப் பதினான்கு முன்னோர்களும் ஓர் அக்காவும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப் புத்தகத்தின் மேல் வலது கையை விரித்து வைத்து, ஒரு விரலையும் மடக்காமல் சொல்கிறேன். ஓரிடத்திலும் கூட்டிச் சொல்லவில்லை. கேட்பவர்கள் நம்பமாட்டார்களே என்று மூன்று இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்றும் எவை என்று கேட்டால், அவற்றுக்கும் தனியாகச் சத்தியம் செய்யத் தயார்.

மாசச்சூசெட்ஸ் கடற்கரையில் பெல்ஹேவன் என்ற துறைமுக ஊரில், 1753ஆம் வருஷம் அக்டோபர் மாதம், ஒரு மீன் கப்பலிலிருந்து அறுபத்தாறு வயதுக் கிழவி ஒருத்தி தன் மரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள். பெயர் ஜெருஷா. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் அதே துறையிலிருந்துதான் ஒரு கப்பல் தச்சனைக் கட்டிக்கொண்டு போனாள். தச்சன் எங்கே கப்பல் ஓட்டையோ அங்கே பிழைப்பு என்று திரிந்தவன். எந்த ஊரும் அவனைத் தன் ஆள் என்று எழுதிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லை. கடைசியில், தானே அடைத்துக் கொடுத்த ஓட்டை விட்டுப்போய் ஒரு கப்பலோடு அவனும் போனான். அதன் பிறகு ஜெருஷாவுக்குப் பூமியில் மிச்சமிருந்த ஊர், பிறந்த பெல்ஹேவன் ஒன்றுதான். மிச்சமிருந்த சொந்தம், தம்பி ஒபதியா ஒருவன்தான்.

தம்பி என்றால் சாதாரணத் தம்பி இல்லை. கர்னல் ஒபதியா தர்லோ. காட் என்னும் கடல்மீனைத் தெற்கே அனுப்பி, வெல்லப்பாகை வடக்கே இறக்கி, நடுவில் ரம் காய்ச்சி, ஊரிலேயே பெரிய வீடு கட்டியவர். ஊரின் பெரியதனக்காரர் ஐந்து பேரில் முதல்வர். நீதிபதி. துறைமுக அதிகாரி. உள்ளூர்ப் படைக்குத் தலைவர். இத்தனை உத்தியோகமும் ஒரே ஆளிடம் இருந்ததால் வேலை மிகவும் ஒழுங்காக நடந்தது. ஒருமுறை, ஓய்வுநாளில் சரக்கு இறக்கியதாகத் துறைமுக அதிகாரி தர்லோ, வியாபாரி தர்லோ மேல் புகார் எழுதினார். நீதிபதி தர்லோ இரண்டு நாள் விசாரித்து, போதிய சாட்சியம் இல்லை என்று வியாபாரியை விடுவித்து, பொய்ப் புகார் கொடுத்ததற்காக அதிகாரியைக் கண்டித்து அனுப்பினார். அதிகாரி ஒரு வாரம் முகம் வாடித் திரிந்ததை ஊரே பார்த்தது.

ஜெருஷா முன்வாசலைத் தட்டினாள். கதவைத் திறந்த வேலைக்காரி அவளைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வரச் சொன்னாள். கர்னலும் அங்கேதான் வந்தார். அவருடைய பொய்முடிக்கு அன்று காலை தூவிய மாவில் ஒரு குடும்பம் இரண்டு நாள் ரொட்டி தின்னலாம்.

"வந்துட்டீங்களா," என்றார்.

"வந்துட்டேன்டா. தலையில என்னடா அது, ஆட்டுக்குட்டியா?"

கர்னல் திரும்பி வேலைக்காரியைப் பார்த்தார். அவள் சோளக்களியை வேகமாகக் கிண்டினாள்.

"அக்கா, ஆளுங்க முன்னாடி டேய் கீய்ன்னெல்லாம் வேண்டாம்."

"சரிங்க கர்னல். எனக்கு மூணு விஷயம் வேணும். படுக்க ஒரு மூலை, சபைக்கூடத்துல உக்கார ஒரு இடம், அப்புறம் அம்மா பக்கத்துல ஒரு குழி. மத்த ரெண்டும் இல்லாட்டியும் பரவால்ல. அந்தக் குழி வேணும்."

கர்னல் இல்லை என்று சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தன் மீன் கொட்டகையின் மேல் பரணில் இடம் கொடுத்தார். வாரம் ஒரு பீப்பாய் மூடி அளவு களியும், தலை நீக்கிய மீனும் வந்தன. பதிலுக்கு ஜெருஷா கொட்டகைக்கு வெளியே வரிசையாகக் காயவைத்த காட் மீன்களைப் புரட்டிப் போட்டாள். தினமும் நாலாயிரம் மீன். அவள் புரட்டி முடித்துத் திரும்பும்போது முதல் மீன் மறுபடி அவளுக்காகக் காத்திருக்கும்.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு சட்டம் உண்டு. வெளியூர் ஆள் யாராவது வந்து பன்னிரண்டு மாதம் கேள்வி கேட்பாரில்லாமல் தங்கிவிட்டால் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார். பிறகு நோய்நொடி, சாவு எல்லாம் ஊர் பொறுப்பு. அதனால் வருஷம் திரும்பும் முன்பே பெரியதனக்காரர்கள் ஒரு சீட்டு எழுதுவார்கள். பதினான்கு நாளில் ஊரைவிட்டுப் போ என்று கான்ஸ்டபிள் வந்து அதை முகத்துக்கு நேரே படிப்பார். போகச்சீட்டு என்று பெயர். புயலில் ஒதுங்கிய மாலுமிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை ஒரு பனிமூட்டம் பதினொரு மாதமாகக் கலையாமல் நின்றபோது அதற்கும் ஒன்று படித்தார்கள். அது பதிமூன்றாம் நாளே போய்விட்டது.

பிறந்த ஊர்க்காரிக்கு அந்தச் சீட்டு செல்லாது. ஜெருஷா அதனால்தான் கவலையில்லாமல் மீன் புரட்டினாள்.

அந்தக் குளிர்காலத்தில் கர்னலுக்கு ஒரு வியாதி வந்தது. ஆளுநரின் ஆலோசனை சபையில் ஓர் இடம் காலியானது. பக்கத்து ஊர் வியாபாரி ஒருவரும் அதற்குக் குறி வைத்திருந்தார். அவருடைய வண்டிக் கதவில் ஒரு குலச்சின்னமும், வீட்டில் தோல் அட்டை போட்ட குடும்ப வரலாறும் இருந்தன. கர்னலிடம் இருந்தது தாத்தா ஒருவர்தான். அவரைப் பற்றியும் பேசாமல் இருப்பதே மரியாதை. எனவே ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் சைலஸ் பாம்ஃப்ரெட்டைக் கூப்பிட்டு, அடுத்த கோடைக்குள் தர்லோ குடும்ப வரலாற்றை எழுதி முடிக்கச் சொன்னார். கூலி பன்னிரண்டு வண்டி விறகு. வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில் மை உறைந்துபோய், பிள்ளைகள் எழுத்துகளைச் சில்லுச் சில்லாக உடைத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்த சமயம். வாத்தியார் உடனே ஒப்புக்கொண்டார்.

அவர் நல்ல மனிதர். முதலில் உண்மையிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்து ஜெருஷாவைத் தேடி மீன் கொட்டகைக்கு வந்தார்.

"அம்மா, உங்க தாத்தா அபகூக் தர்லோ எப்படி இந்தக் கரைக்கு வந்தார்?"

"கால்ல சங்கிலியோட வந்தாரு."

வாத்தியார் எழுதுகோலை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"லண்டன்ல யாரோ வீட்டுப் பன்றியத் திருடிட்டாரு, வாத்தியாரே. அதுக்கு ஏழு வருஷம் அடிமை வேலைன்னு இங்க ஏத்தி அனுப்புனாங்க. இந்தத் துறையிலதான் ஏலம் போட்டாங்க. ரெண்டு பீப்பாய் கானாங்கெளுத்திக்குப் போனாரு. அதுல ஒரு பீப்பாய் அழுகல். வித்தவன் சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுதானாம், நஷ்டத்துக்கு வித்துட்டேன்னு."

வாத்தியார் எழுதுகோலை மறுபடி எடுத்தார். பிறகு எழுதினார்: 'அரச ஆணையின் பேரில், பாதுகாவலர்கள் புடைசூழ வந்திறங்கினார். அவரை வரவேற்பதில் ஊர்ப் பிரமுகர்களிடையே போட்டி நிலவியது.'

"இப்படிப் போட்டா சரியாம்மா?"

"ஒரு பொய்யும் இல்லையே," என்றாள் ஜெருஷா. அவளுக்கு வாத்தியாரைப் பிடித்துப்போயிற்று. வரும்போதெல்லாம் பரணில் ஒரு மீனைச் சுட்டுக் கொடுத்தாள். அப்பா எபனேசர் மீன்பிடி படகில் ஆரம்பித்தது, அம்மா வலை பின்னியது, எல்லாம் சொன்னாள். தான் பிறந்த கதையையும் சொன்னாள்.

"மார்ச்சுல கல்யாணம். ஆகஸ்டுல நான் வந்துட்டேன். எனக்கு எப்பவும் அவசரம்."

வாத்தியார் காது சிவந்தார்.

"நீங்க எதுக்கு வெக்கப்படுறீங்க? எங்கப்பாவும் அம்மாவும் சபைக்கூடத்துல நடுவுல எந்திரிச்சு நின்னு, ஆமா தப்புப் பண்ணிட்டோம்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னாங்க. அப்படிச் சொன்னாத்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பழைய போதகர் அதப் புத்தகத்துல எழுதிக்கிட்டு, என் தலையில தண்ணி ஊத்துனாரு. ஐஸ் மாதிரி இருந்துச்சாம். நான் கத்துன கத்துல மேல் மாடத்துல ரெண்டு பேரு முழிச்சிக்கிட்டாங்களாம். அத்தோட முடிஞ்சுபோச்சு. அன்னிக்கு நின்ன ஜோடி எங்கப்பா அம்மா மட்டுமில்ல, பின்னாடி இன்னும் மூணு ஜோடி வரிசையில நின்னுச்சு. ஒருத்தரும் அதப்பத்தி மறுபடி வாயத் திறக்கல."

அந்த ஊர் வழக்கம் அதுதான். ஒப்புக்கொண்டது அழிந்தது. ஒப்புக்கொண்டதைப் பிறகு யாராவது குத்திக் காட்டினால், அடுத்த வாரம் அவர் எழுந்து நிற்க வேண்டும். ஜெருஷா அதை நம்பினாள். நம்பாமல் இருக்கக் காரணமும் இருக்கவில்லை.

வாத்தியார் நேர்மையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அதற்கு மேலே கட்ட ஆரம்பித்தார். அவரிடம் இருந்தவை மூன்று புத்தகங்கள்: வேதம், ஒரு பஞ்சாங்கம், முன்பாதி கிழிந்துபோன இங்கிலாந்து சரித்திரம். தாத்தாவுக்கு மேலே ஒரு பிரபு வந்தார். பிரபுவுக்கு மேலே, புனித பூமியில் இடது கையை இழந்த ஒரு வீரர். இருபது பக்கம் தள்ளி அதே வீரர் வலது கையையும் இழந்தார். அதன் பிறகும் கடிதங்கள் எழுதினார். விறகு வண்டி வரும் வாரமெல்லாம் இரண்டு மூன்று முன்னோர்கள் கூடினார்கள். வரத் தவறிய வாரத்தில் ஒருவர் தூக்கில் தொங்கினார். மறுநாளே விறகு வந்தது, அவருக்கும் மன்னிப்பு வந்தது. கோடைக்குள் நூற்றுப் பதினான்கு பேர் ஆகிவிட்டார்கள். பாஸ்டனிலிருந்து ஓவியர் ஒருவர் வந்து, மூன்று காட் மீனும் ஒரு சிங்கமும் போட்டுக் குலச்சின்னம் வரைந்தார். அவர் சிங்கத்தைப் பார்த்ததில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கர்னலைப் பார்த்தே வரைந்தார்.

ஆகஸ்டு மாதம் கர்னல் முழுப் புத்தகத்தையும் உட்கார்ந்து படித்தார். முன்னோர்கள் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். கடைசிப் பக்கத்தில் அவருடைய அப்பாவின் பெயர் வந்தது. திருமணம், 1687 மார்ச். அதற்குக் கீழே, முதல் பிள்ளை ஜெருஷா, அதே வருஷம் ஆகஸ்டு. கர்னல் விரல் விட்டு எண்ணினார். ஒரு கையிலேயே முடிந்துவிட்டது.

"இதென்னய்யா?"

"அது... அம்மாவே சொன்னாங்க ஐயா," என்றார் வாத்தியார். "வேணும்னா கல்யாணத்த ஒரு வருஷம் முன்னாடி தள்ளிடலாம்."

"ஊர்ப் புத்தகத்துல தேதி இருக்கு."

"அப்ப அக்கா பொறந்தத ஒரு வருஷம் பின்னாடி..."

"அவங்க ஊர்லயே இருக்காங்க. வயசக் கேட்டா துறைமுகத்துக்கே கேக்கிற மாதிரி சொல்லுவாங்க." கர்னல் பொய்முடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது மேசையை நிறைத்தது. "எடுத்துடுங்க."

"எந்தத் தேதிய ஐயா?"

"தேதிய இல்ல. அக்காவ."

வாத்தியார் எதிர்த்துப் பேசினார் என்று சொன்னால் பொய்யாகும். "ஐயா, அவங்க எனக்கு மீன் சுட்டுக் குடுத்திருக்காங்க," என்று மட்டும் சொன்னார். வாசலில் பன்னிரண்டாவது வண்டி விறகு இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தைப் புதிதாக எழுதினார்: 'எபனேசர் தர்லோவுக்கு ஒரே பிள்ளை, ஒபதியா.' அதற்குக் கீழே, இதில் உள்ளது யாவும் உண்மை என்று கர்னல் தர்லோ நீதிபதி தர்லோ முன்னிலையில் பிரமாணம் செய்து கையெழுத்திட்டார். நீதிபதியும் திருப்தியடைந்து கையெழுத்திட்டார். புத்தகம் கப்பலேறிப் பாஸ்டனுக்குப் போனது.

ஓர் ஆளைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டால் அந்த ஆள் ஊரில் நிற்பது இடிக்கும். கர்னல் அதை யோசிக்கவில்லை. செப்டம்பரில் பெரியதனக்காரர் கூட்டத்தில், சபை உதவிக்காரர் செபுலோன் கிரேன்தான் வாயைத் திறந்தார்.

"கர்னல், உங்க மீன் கொட்டகையில ஒரு கிழவி இருக்கே, யாரது? போன அக்டோபர்ல வந்துச்சு. இன்னும் மூணு வாரம் விட்டா நம்ம தலையில விழும்."

செபுலோனுக்கும் தெரியும், மற்ற மூவருக்கும் தெரியும். ஆனால் புத்தகத்தைப் பாஸ்டனுக்கு அனுப்பும் முன் கர்னல் விருந்து வைத்துப் படித்துக் காட்டியிருந்தார். நால்வரும் கைதட்டி, கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். கர்னல் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஒருவராவது சிரிப்பார் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"வெளியூர்," என்றார் கர்னல். சீட்டு எழுதப்பட்டது. முதல் கையெழுத்து அவருடையது.

கான்ஸ்டபிள் ஜாபெஸ் கிம்பல் மறுநாள் காலை வந்தபோது ஜெருஷா மீன் புரட்டிக்கொண்டிருந்தாள். ஜாபெஸுக்கு அறுபது வயது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"ஜெருஷாக்கா, ஒரு காயிதம் படிக்கணும்."

"படி. சும்மா நிக்காத, அந்த வரிசையப் பொரட்டிக்கிட்டே படி."

ஜாபெஸ் ஒரு கையில் சீட்டும் ஒரு கையில் மீனுமாகப் படித்தான். "மாட்சிமை தங்கிய ராஜாவின் பெயரால்... இவ்வூர்க்காரர் அல்லாத, அந்நியப் பெண்ணாகிய ஜெருஷா என்பவள்..."

"யாரு?"

"அந்நியப் பெண், க்கா."

"உனக்கு நாலு வயசு வரைக்கும் மூக்கத் தொடச்சுவிட்ட கை இது. எவ்வளவு வந்துச்சு தெரியுமா? ஊர்ல உப்புத் தட்டுப்பாடுன்னப்ப உங்கம்மா உன்ன மூக்கச் சிந்த விடல."

"தெரியும்க்கா. நான் எழுதலயே, படிக்கத்தான் வந்தேன்." அவன் மீதியையும் படித்தான். பதினான்கு நாள். கீழே கையெழுத்துகளைப் படிக்கும்போது குரல் இறங்கிப்போனது. முதல் பெயரை விழுங்கிவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினான்.

"மொதல் பேரு?"

ஜாபெஸ் மீனைத் திருப்பிப் போட்டான். ஏற்கெனவே திருப்பிப் போட்ட மீன். ஜெருஷா சீட்டை வாங்கி, தானே பார்த்துக்கொண்டாள். அன்று அவள் மிச்சமிருந்த மூவாயிரத்துச் சொச்சம் மீனையும் புரட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

சீட்டை எதிர்த்து ஊர்க் கூட்டத்தில் முறையிடலாம். இந்த ஊரில் பிறந்தேன் என்று நிரூபித்தால் போதும். ஜெருஷா போதகர் ஆமோஸ் டில்லி வீட்டுக்குப் போனாள். இளவயது, இந்த ஊருக்கு வந்து ஆறே வருஷம். பழைய போதகரின் ஞானஸ்நானப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, 1687ஐத் தேடிப் பிடித்தார். படித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, இத எப்படி நான் கூட்டத்துல படிக்கிறது? உங்க அப்பா அம்மா பேரு கெட்டுடுமே."

"கெட்டதெல்லாம் அன்னிக்கே கெட்டு, அன்னிக்கே கழுவியாச்சு, ஐயா. அதுக்குத்தானே எந்திரிச்சு நின்னாங்க? நீங்க சத்தமாப் படிங்க. நான் இந்த ஊர்ப் பிள்ளைங்கறதுக்கு அதவிடச் சாட்சி ஏது?"

"அதில்லம்மா. உங்க பேரு இதுல இல்ல. 'இவர்களுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்'னு மட்டும்தான் எழுதியிருக்கார்."

"பிள்ளைன்னா நான்தானே? ஒபதியா ஒம்பது வருஷம் கழிச்சுல்ல பொறந்தான். அவன் பக்கத்தப் பாருங்க, அவன் பேரு இருக்கும்."

போதகர் தாள்களைத் திருப்பினார். 1690க்குப் பிறகு பத்து வருஷத்துக்குத் தாள் இல்லை. பழைய போதகரின் மனைவி பழப்பாகு ஜாடிகளை மூடுவதற்குக் கிழித்து எடுத்திருந்தாள். அந்தப் பத்து வருஷத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் வழக்கத்துக்கு மாறாக இனிப்பாகப் பேசுவார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. ஒபதியா பிறந்தது 1696ல்.

"பரவால்ல," என்றாள் ஜெருஷா. "என் பக்கம் இருக்குல்ல. அது போதும்."

ஊர்க் கூட்டம் அக்டோபர் முதல் வாரம், பகல் பதினோரு மணிக்குச் சபைக்கூடத்தில் கூடியது. இடம் பிடித்து உட்காருவதற்கு அங்கே வழியில்லை. யார் எந்த இருக்கையில் உட்காருவது என்று குலம், உத்தியோகம், வயது பார்த்து ஒரு குழு முடிவு செய்து வைத்திருக்கும். நூற்றுப் பதினான்கு முன்னோர்கள் வந்தபின் கர்னல் மூன்றாவது வரிசையிலிருந்து இரண்டாவது வரிசைக்கு வந்திருந்தார். ஜெருஷாவுக்கு இருக்கை இல்லாததால் கதவருகே நின்றாள்.

போதகர் புத்தகத்தைத் திறந்து சத்தமாகப் படித்தார். "எபனேசர் தர்லோவும் அவர் மனைவியும் திருமணத்துக்கு முன் தவறியதைச் சபை முன்னே ஒப்புக்கொண்டார்கள். சபை அவர்களை மன்னித்தது. இவர்களுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்."

கர்னல் அசையவில்லை. மறைக்க நினைத்தது மொத்த ஊரின் காதிலும் விழுந்துவிட்டது. விழுந்தும், கூரை இடிந்து விழவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின் வரிசையில் ஒரு மீனவன், "எங்கப்பனுக்கு நாலு மாசம்தான்," என்று பக்கத்து ஆளிடம் சொன்னான். அவ்வளவுதான். ஜெருஷா மூச்சை விட்டாள். இனி அவன் மறைக்க ஒன்றுமில்லை. எழுந்து அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கர்னல் எழுந்தார். அக்கா என்று சொல்வதற்கு என்ன தடை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரே பிள்ளை என்று பிரமாணம் செய்த புத்தகம் பாஸ்டனில் ஆளுநர் மேசையில் இருந்தது. அக்கா என்றால் பொய்ப் பிரமாணம். பொய்ப் பிரமாணத்துக்குத் தண்டனை கொடுக்க வேண்டியவர் நீதிபதி தர்லோ. அவரைப் பற்றிக் கர்னலுக்கு நன்றாகத் தெரியும்.

"அந்தப் பிள்ளை நான்தான்," என்றார் கர்னல்.



"அப்ப உங்களுக்கு..." போதகர் கணக்குப் போட்டார். "அறுபத்தேழு வயசா, கர்னல்?"

"அறுபத்தேழு."

நேற்று வரை அவருக்கு ஐம்பத்தெட்டு. போன வருஷம் அவருடைய ஐம்பத்தேழாவது பிறந்தநாளுக்கு ஐம்பத்தேழு குண்டு போட்டு மரியாதை செய்த உள்ளூர்ப் படை முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. குண்டுகளை எண்ணியவனும் இருந்தான்.

"ஜாபெஸ்!" கதவருகிலிருந்து ஜெருஷா கூப்பிட்டாள். "எந்திரி. எங்க ரெண்டு பேர்ல யாரு மூத்ததுன்னு சொல்லு."

ஜாபெஸ் எழுந்தான். தன் தொப்பியின் உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தான். "எனக்கு அப்ப ரொம்பச் சின்ன வயசுங்க. யாரோ மூக்கத் தொடச்சாங்க. யாருன்னு... சரியா ஞாபகமில்ல."

செபுலோன் கிரேன் எழுந்து, முடிவை ஊர் கைதூக்கிச் சொல்லட்டும் என்றார். ஜெருஷா ஊர்க்காரி என்றால், மீன் கொட்டகையில் முடியாமல் விழும் நாளிலிருந்து முறை வைத்து ஒவ்வொரு வீடும் அவளைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்தினார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை கர்னல்தான் என்பவர்கள் கைதூக்கினார்கள். சபைக்கூடத்தில் இருந்தவர்களைவிடக் கைகள் அதிகம் இருந்தன. சிலர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்கள். வாத்தியார் பாம்ஃப்ரெட் ஒரு கையைப் பாதி உயரம் தூக்கி, அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டார். அதையும் சேர்த்து எண்ணினார்கள்.

ஜெருஷா நடுவழியே நடந்து இரண்டாவது வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள். அறுபத்தேழு வருஷத்துக்கு முன் அவள் பெற்றோர் எழுந்து நின்ற இடம் அதுதான்.

"சரிங்கண்ணா," என்றாள்.

கர்னல் நிமிரவில்லை.

"நான் போயிட்டு வரேண்ணா. நீங்க பொறந்தப்ப அம்மா வலியில என் கையத்தான் புடிச்சிருந்தாங்க. அப்ப எனக்கு ஒம்பது வயசு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு ஒம்பது வயசு, பாருங்க. எனக்கு எப்பவும் அவசரம். ஒடம்பப் பாத்துக்கங்கண்ணா. வயசாயிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் நன்றாகச் சொல்லப்பட்ட ஒரு பேச்சுக்கு யாரும் சிரிக்காமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

பதினான்காம் நாள் வண்டி வந்தது. ஓட்டியவன் ஜாபெஸ். மரப்பெட்டியை அவனே தூக்கி வைத்தான். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது கேட்காமலே வண்டியை நிறுத்தினான். ஜெருஷா இறங்கவில்லை. அம்மாவின் தலைமாட்டில் நட்ட மரப்பலகை கடல் காற்றில் எழுத்தெல்லாம் போய், வேலியில் விட்டுப்போன கட்டைபோல நின்றது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் இருந்தது. கண்ணால் அளந்து பார்த்தாள்.

"போலாம்," என்றாள்.

"க்கா, ஒரு சேதி. கர்னலுக்குப் பாஸ்டன்லருந்து கடிதாசு வந்துடுச்சு. ஆலோசனை சபையில இடம் இல்லையாம். அறுபத்தேழு வயசுங்கிறது ரொம்ப ஜாஸ்தியாம். சுறுசுறுப்பான ஆள் வேணுமாம்."

ஜாபெஸ் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தான்.

"சாப்பிட்டானா?" என்றாள் ஜெருஷா.

"யாரு?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

எல்லைக் கல்லில் அடுத்த ஊர்க் கான்ஸ்டபிள் தயாராக நின்றான். கையில் அவன் ஊர்ச் சீட்டு. அவனும் படித்தான். அவன் தன் வண்டியில் ஏற்றி மறு எல்லையில் இறக்கினான். அங்கே இன்னொருவன் நின்றான். இப்படி டிசம்பருக்குள் பதினொரு ஊர். எல்லாச் சீட்டையும் ஜெருஷா வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டாள். எழுத்துக் கோணலாக இருந்தவற்றை நல்ல எழுத்தில் எழுதி வாங்கினாள். பதினொன்றாவது ஊரிலிருந்து பன்னிரண்டாவது ஊருக்கு மாற்றும்போது, இரண்டு வண்டிக்கும் நடுவில், ஒரு கால் இறங்கி ஒரு கால் ஏறாமல் இருந்த நிலையில், அவள் செத்துப்போனாள்.

இரண்டு கான்ஸ்டபிள்களும் பனியில் நின்று மாலை வரை வாதாடினார்கள். யாருடைய ஊரில் செத்தாள் என்பது தீரவில்லை. கடைசியில் எல்லைக் கோட்டின் மேலேயே குழி வெட்டினார்கள். தலை ஓர் ஊரில், கால் ஓர் ஊரில். ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பக்கத்துக் குழியை மட்டும் வெட்டியதால் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மேலாகவும் போயிற்று. அவள் அங்கே சற்றே எழுந்து உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறாள்.

கர்னலுக்கு வயது கூடியதை இருக்கைக் குழு கணக்கில் எடுத்துக்கொண்டது. ஊர்க் கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு முதல் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பெல்ஹேவன் கல்லறைத் தோட்டத்தில் தர்லோ என்ற பெயரில் இருப்பது ஒரே ஒரு கல். 1696ல் பிறந்த ஒபதியா எங்கே போனான் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று கர்னலே பிறகு வெட்டி நட்டது: 'ஒபதியா, எபனேசர் தர்லோவின் மகன், 1703ஆம் வருஷம் தொண்டை நோயால் இறந்தான், வயது ஏழு.'